பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப் நிறுவுவது எப்படி?

ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோர் வழியாக மட்டும்தான் ஆப் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 2010 முதல் இயங்கிவரும் எஃப்-டிராய்டு என்ற திறமூல (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) ஆப் களஞ்சியத்தை வைத்தே செய்து பார்ப்போம்.

படி 1: குரோமில் எஃப்-டிராய்டின் சொந்தத் தளத்துக்குப் போய் ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் கோப்பு) இறக்குங்கள். வேறு எங்கிருந்தும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் ‘கல்யாணப் பத்திரிகை’, ‘டிராஃபிக் சலான்’ என்ற பெயரில் வரும் ஏபிகேயைத் தொடவே தொடாதீர்கள். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். அதை எதற்கு நிறுவ வேண்டும்?

படி 2: கோப்பைத் தட்டியதும் போன் தடுக்கும். அந்த எச்சரிக்கையிலேயே செட்டிங்ஸைத் தட்டி, குரோமுக்கு அனுமதி கொடுத்துவிட்டு நிறுவுங்கள். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8-க்கு முன்பு போன் முழுவதற்கும் ஒரே சுவிட்ச்தான். இப்போது ஆப்புக்கு ஆப் தனி அனுமதி. தொல்லையாகத் தெரியும், ஆனால் நல்ல மாற்றம்.

படி 3: நிறுவியதும் குரோமின் அனுமதியை எடுத்துவிடுங்கள். பலரும் மறப்பது இதைத்தான்.

படி 4: எஃப்-டிராய்டைத் திறந்து வேண்டிய ஆப்பைத் தேடி நிறுவுங்கள். அதே கேள்வி மறுபடி வரும். இந்த முறை எஃப்-டிராய்டுக்கு அனுமதி கொடுங்கள்.

‘ஆப் நாட் இன்ஸ்டால்டு’ என்று வந்தால் பெரும்பாலும் டிஜிட்டல் கையொப்பப் பிரச்சினை, அதாவது ஆப்பை வெளியிட்டவர் யார் என்று காட்டும் முத்திரையில் சிக்கல். பிளே ஸ்டோரில் எடுத்த அதே ஆப் ஏற்கெனவே இருந்து, இரண்டின் டிஜிட்டல் கையொப்பமும் வேறாக இருந்தால், ஒன்றின் மேல் மற்றொன்று ஏறாது. தரவைப் பேக்கப் எடுத்துக்கொண்டு பழையதை நீக்குங்கள், அப்புறம் புதியதைப் போடுங்கள்.

ஆண்ட்ராய்டு 13 முதல், நேரடியாக இறக்கிய ஏபிகேக்கு அக்செசிபிலிட்டி (மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் ஆப்களுக்கான) அனுமதி எளிதில் கிடைக்காது. ஆப்பின் விவரப் பக்கத்தில் மூன்று புள்ளியைத் தட்டினால் அந்தத் தடையை நீக்கலாம். ஆனால் திரையில் உள்ளதைப் படிக்கவும் உங்களுக்குப் பதிலாகத் தட்டவும் அந்த அனுமதி போதும். யாராவது போனில் பேசிக்கொண்டே அந்தத் தடையை நீக்கச் சொன்னால், அழைப்பைத் துண்டியுங்கள்.

இன்னொரு தடையும் வருகிறது. அடையாளத்தைப் பதிவு செய்த டெவலப்பர்களின் ஆப்களை மட்டுமே நிறுவ முடியும் என 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது: முதலில் 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, 2027 முதல் மற்ற நாடுகள். எதிர்ப்பு கிளம்பியதும், விவரம் தெரிந்தவர்களுக்குத் தனி வழி வைப்பதாகச் சொன்னது. கணினியை இணைத்து ஏடிபி (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) மூலம் நிறுவுவதற்கு இந்த விதி இல்லை.