சிடிஇ பாடமும் வேண்டும், காலேஜ் கதவும் திறந்திருக்க வேண்டும்: ஒன்பதாம் வகுப்பிலேயே போட வேண்டிய கணக்கு

அடுத்த வருடப் பாடத்தேர்வுப் படிவத்தைப் பிள்ளைகள் எப்போதும் ராத்திரி பத்து மணிக்குத்தான் நீட்டுவார்கள், "நாளைக்குக் கடைசி நாள், கையெழுத்துப் போடுங்க" என்று. நாமும் மேத்ஸ் இருக்கிறதா, சயின்ஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போட்டுக் கொடுத்துவிடுவோம். கலிஃபோர்னியாவில் பிள்ளையைப் படிக்க வைப்பவர்கள் கோட்டை விடுகிற இடம் இதுதான். நானும் விட்டேன்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பில் ஆர்ட் வகுப்புக்குப் பதிலாக மருத்துவத்துறை சிடிஇ பாடம் எடுத்தாள் (சிடிஇ என்றால் தொழிற்பயிற்சி வகுப்புகள்). கவுன்சிலரும் (பாடத்தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளி ஆலோசகர்) சரி என்றார், டிப்ளோமாவுக்கு, அதாவது ஹைஸ்கூல் முடித்த சான்றிதழுக்கு, சரிதான். ஆனால் பதினோராம் வகுப்பு முடிகிற நேரத்தில்தான் தெரிந்தது, அவள் கணக்கில் ஆர்ட் பாடம் ஒன்றுகூட இல்லை, அது இல்லாமல் யூசியிலோ சிஎஸ்யூவிலோ (கலிஃபோர்னியாவின் இரண்டு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகள்) விண்ணப்பிக்க முடியாது என்று.

காரணம், இங்கே இரண்டு வெவ்வேறு பட்டியல்கள் இருக்கின்றன. ஹைஸ்கூல் முடிக்க மாநிலம் கேட்கும் குறைந்தபட்சம்: ஆங்கிலம் 3 வருடம், கணிதம் 2, அறிவியல் 2, சமூகவியல் 3, உடற்கல்வி 2, அப்புறம் ஆர்ட் அல்லது வேற்றுமொழி அல்லது சிடிஇ, மூன்றில் ஏதாவது ஒன்று 1 வருடம். யூசியும் சிஎஸ்யூவும் கேட்பது 'ஏ-ஜி' என்கிற வேறு பட்டியல் (ஏ முதல் ஜி வரை, பாடத்துக்கு ஒரு எழுத்து): வரலாறு 2, ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, வேற்றுமொழி 2, ஆர்ட் 1, எலெக்டிவ் (விருப்பப்பாடம்) 1, ஆக மொத்தம் 15. முதல் பட்டியலில் இருக்கும் அந்த 'அல்லது' இரண்டாவதில் கிடையாது. சிடிஇயை அந்த 'அல்லது'வில் போட்டால் டிப்ளோமா வரும், காலேஜ் கதவு சாத்திக்கொள்ளும். இது மாநிலக் கணக்கு மட்டும்தான், பள்ளி மாவட்டங்கள் (பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகங்கள்) இதற்கு மேலும் கேட்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இரண்டுக்கும் இடம் இருக்கிறதா? இருக்கிறது, ஒரு காகிதத்தை எடுங்கள். ஒரு நாளைக்கு 6 பீரியட், 4 வருடம், 24 கட்டங்கள். காலேஜ்கள் விரும்புகிற அளவிலேயே நிரப்புவோம்: ஆங்கிலம் 4, கணிதம் 4, அறிவியல் 3, சமூகவியல் 3, ஸ்பானிஷோ ஃபிரெஞ்சோ ஒரே மொழி 3, ஆர்ட் 1, உடற்கல்வி 2. கூட்டினால் 20. மிச்சம் 4 கட்டம். ஒரே துறையில் இரண்டு அல்லது மூன்று சிடிஇ வகுப்புகளைத் தொடராக எடுக்க இது தாராளம். இடிப்பது எப்போது என்றால், ஒன்பதிலும் பத்திலும் அந்தக் கட்டங்களை நண்பன் எடுக்கிறான் என்பதற்காக ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எலெக்டிவ்களால் நிரப்பிவிட்டு, பதினொன்றில் உட்கார்ந்து முழிக்கும்போதுதான்.

இன்னும் கெட்டிக்காரத்தனமாகச் செய்ய வழி உண்டு. நிறைய சிடிஇ வகுப்புகளுக்கு ஏ-ஜி அங்கீகாரமே இருக்கிறது. பயோடெக்னாலஜி வகுப்பு சில பள்ளிகளில் 'டி' பிரிவில் அறிவியலாகவே எண்ணப்படும், அனிமேஷனோ கிராஃபிக் டிசைனோ 'எஃப்' பிரிவில் ஆர்ட்டாக வரலாம், மற்றவை பல 'ஜி' எலெக்டிவ்வாக வரும். ஆனால் அங்கீகாரம் பள்ளிக்குப் பள்ளி, வகுப்புக்கு வகுப்பு மாறும், பக்கத்துப் பள்ளியில் அதே பெயரில் இருக்கும் வகுப்புக்கு இருக்கிறது என்பதால் உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். யூசியின் ஏ-ஜி பாடப்பட்டியல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, பள்ளிப் பெயரைப் போட்டுத் தேடிக் கண்ணால் பாருங்கள். யார் வாய்வார்த்தையையும் நம்ப வேண்டாம், கவுன்சிலர் சொன்னாலும்கூட. பாவம், அவர் தலையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள்.

மதிப்பெண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. 'டி' கிரேடு வாங்கினாலும் டிப்ளோமாவுக்கு கிரெடிட் கிடைத்துவிடும், ஏ-ஜிக்கு 'சி' வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் ஏ-ஜி பாடங்களையே ஹைஸ்கூல் முடிக்கும் நிபந்தனையாக வைத்திருக்கிறது, அங்கேயும் 'டி' வாங்கியவர் டிப்ளோமா வாங்கிவிடுவார், யூசிக்கு மட்டும் ஆகாது. அதனால் ரிப்போர்ட் கார்டில் 'பாஸ்' என்று பார்த்து நிம்மதி அடையாதீர்கள்.

எங்கள் வீட்டுச் சிக்கல் தீர்ந்தது கம்யூனிட்டி காலேஜால் (இரண்டு வருட உள்ளூர் அரசுக் கல்லூரி). யூசிக்கு மாற்றத்தக்க, செமஸ்டர் கணக்கில் 3 யூனிட் உள்ள காலேஜ் வகுப்பு ஒன்றை முடித்தால் ஹைஸ்கூலில் ஒரு வருடம் படித்ததற்குச் சமமாக எடுத்துக்கொள்வார்கள். கலை வரலாறு வகுப்பை அவள் கோடையில் எடுத்து முடித்தாள், ஆறு வாரம் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. ஒன்று மட்டும் கவனம், அந்தக் கிரேடு காலேஜ் டிரான்ஸ்கிரிப்டில் நிரந்தரமாக உட்கார்ந்துகொள்ளும், சும்மா எடுத்துப் பார்ப்போம் என்று சேர்க்காதீர்கள்.

எந்தத் தொழிற்பயிற்சி என்று தேர்ந்தெடுக்கும்போது வகுப்பின் பெயரைவிட அது எங்கே போய் முடிகிறது என்பதைக் கேளுங்கள். முதல் வகுப்புக்கு மேல் இரண்டாவது, மூன்றாவது இருக்கிறதா? கடைசியில் சான்றிதழ் தேர்வு உண்டா, மருத்துவமனையிலோ பட்டறையிலோ கைவேலை உண்டா? அறிமுக வகுப்பு ஒன்றோடு நின்றுபோகும் திட்டம் என்றால் அந்தக் கட்டத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம். நம் ஆட்களிடம் இன்னும், சிடிஇ படிப்பு வராத பிள்ளைகளுக்கு என்ற எண்ணம் இருக்கிறது. நர்ஸ் உதவியாளர் பயிற்சிக்குப் போன ஒரு பெண், நோயாளிக்குப் படுக்கை விரிப்பு மாற்றிப் பார்த்த பிறகுதான் தனக்கு மருத்துவம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுத்தாள். நாலு வருடக் காலேஜ் கட்டணத்தைக் கட்டிவிட்டு அதைத் தெரிந்துகொள்வதற்கு இது எவ்வளவோ மேல்.

டெக்சாஸில் இருப்பவர்களுக்குப் பெயர்கள்தான் வேறு. அங்கே அடிப்படைத் திட்டம் 22 கிரெடிட், எண்டார்ஸ்மெண்ட் (தேர்ந்தெடுத்த துறைக்கான கூடுதல் பாடங்கள்) சேர்த்தால் 26. ஒன்பதில் நுழையும்போதே துறையைக் குறிக்கச் சொல்வார்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம், பயப்பட வேண்டாம். அல்ஜீப்ரா 2 இல்லாமலும் டிப்ளோமா கிடைக்கும், ஆனால் வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் பெரும்பாலான மாநிலப் பல்கலைக்கழகங்களில் கிடைக்கும் தானியங்கி அனுமதிக்கு 'டிஸ்டிங்குவிஷ்ட்' நிலை வேண்டும், அதற்கு அல்ஜீப்ரா 2 கட்டாயம்.

தமிழ்ப் பள்ளிக்குப் போகும் பிள்ளை என்றால் இன்னொன்று: சில மாவட்டங்கள் அந்தப் படிப்பை வேற்றுமொழி கிரெடிட்டாக ஏற்கின்றன. உங்கள் மாவட்டத்தில் உண்டா, ஏ-ஜிக்கும் செல்லுமா என்று இரண்டையும் தனித்தனியாக, மின்னஞ்சலில், எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். கிடைத்தால் அந்த 24 கட்டத்தில் இரண்டு மூன்று காலியாகும்.