அசட்டுத் துணிச்சல் வேறு, கவனக்குறைவு வேறு

கவனக்குறைவு முற்றிப்போனால் அசட்டுத் துணிச்சல் ஆகிவிடும் என்று பலர் எழுதுகிறார்கள். குற்றவியல் சட்டம் படிப்பவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அளவில் இல்லை, மனத்தில் இருக்கிறது. ஆபத்து உண்டு என்று தெரிந்தே, தக்க காரணமில்லாமல் இறங்குவது அசட்டுத் துணிச்சல். தெரிந்திருக்க வேண்டியதைக் கவனிக்காமல் விடுவது கவனக்குறைவு.

இங்கிலாந்து நீதிமன்றங்களே இதில் தடுமாறியிருக்கின்றன. 1957 கனிங்ஹாம் வழக்கில், காசு திருடுவதற்காக ஒருவர் எரிவாயு மீட்டரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். கசிந்த வாயு பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பாதித்தது. சட்டத்தில் இருந்த ‘தீங்கெண்ணம்’ என்ற சொல்லுக்குக் கெட்ட புத்தி என்று விசாரணை நீதிபதி பொருள் சொன்னதே பிழையாயிற்று, தண்டனை ரத்தானது. இப்படி ஆகலாம் என்று மீட்டரைப் பிடுங்கியவருக்கே தோன்றியதா என்பதுதான் கேள்வி.

1981-ல் கால்டுவெல் வழக்கு இதைப் புரட்டிப்போட்டது. சாதாரண மனிதருக்குப் பளிச்செனத் தெரியும் ஆபத்தை யோசிக்காமலே விட்டாலும் போதும் என்றார்கள். அதன் கொடுமை 1983-ல் தெரிந்தது: கற்றல் குறைபாடுள்ள 14 வயதுச் சிறுமி ஒரு கொட்டகைக்குத் தீ வைத்த வழக்கில், அவளால் ஆபத்தை உணர்ந்திருக்க முடியாது என்பதுகூட அவளுக்குக் கைகொடுக்கவில்லை. கடைசியில் 2003-ல், 11, 12 வயதுச் சிறுவர்கள் கொளுத்திப் போட்ட செய்தித்தாள்களால் சுமார் 10 லட்சம் பவுண்டு சேதமான வழக்கில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை கால்டுவெல் விதியைக் கைவிட்டது. இன்னும் அதையே நடப்புச் சட்டமாக எழுதுபவர்கள் உண்டு!

அதற்காக, “எனக்குத் தோன்றவே இல்லை” என்றதும் விடுதலை என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் பேச்சு நம்பும்படி இருக்கிறதா என்பதைச் சூழ்நிலையை வைத்து எடைபோடுவார்கள். தானாகக் குடித்துவிட்டு, போதையில் புரியவில்லை என்பவருக்கும் இந்த வாதம் பொதுவாக எடுபடாது.

ஆபத்தான செயல் எல்லாமே குற்றமும் அல்ல. உயிர் காக்க அறுவை செய்யும் மருத்துவர் ஆபத்தை அறிந்துதான் கத்தியைத் தொடுகிறார். அதற்கு நியாயம் இருக்கிறது. அசட்டுத் துணிச்சல் என்று சொல்ல எவ்வளவு ஆபத்து வேண்டும் என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்க மாநிலங்களுக்கு முன்மாதிரியாக எழுதப்பட்ட 1962 மாதிரித் தண்டனைச் சட்டம் ‘கணிசமான’ ஆபத்து என்கிறது. இங்கிலாந்தில் ஆபத்து சிறிதானாலும், அதை எடுக்க நியாயமே இல்லையென்றால் போதும்.