ப்ரவுசிங் சென்டர்ல அப்ளிகேஷன் போடுறீங்களா, எந்திரிக்கும் முன்னாடி இதைப் பாருங்க

பென்னாகரம், பாலக்கோடு பக்கமிருந்து தர்மபுரி வந்து ப்ரவுசிங் சென்டர்ல காலேஜ் அப்ளிகேஷன் போடுற தம்பி தங்கச்சிங்களுக்குத்தான் இது. க்ரோம் திறந்ததும் கண்ட்ரோல், ஷிஃப்ட், N மூணு கீயையும் சேத்து அமுக்குங்க, கருப்பா ஒரு விண்டோ வரும், அதுதான் இன்காக்னிட்டோ, அதுல மெயில் ஓபன் பண்ணா அந்த விண்டோ எல்லாத்தையும் மூடினதும் லாகின் போயிடும், ஹிஸ்டரியும் அந்த கம்ப்யூட்டர்ல நிக்காது.

ஆனா டவுன்லோட் பண்ண ஃபைல் அழியாதுங்க! இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல. உங்க ஆதார், மார்க் ஷீட் பிடிஎஃப் எல்லாம் டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல அப்படியே கெடக்கும், அடுத்து வந்து உக்கார்றவங்க யார் வேணா எடுக்கலாம், பொம்பளப் புள்ளைங்க போட்டோவெல்லாம் இருக்கும், ரொம்ப ஜாக்கிரதையா இருங்க. வெறும் டெலீட் குடுத்தா ‘ரீசைக்கிள் பின்’ங்கற குப்பைத்தொட்டிக்குத்தான் போகும், அங்கிருந்து திரும்ப எடுத்துடலாம், அதனால ஃபைலை செலக்ட் பண்ணி ஷிஃப்ட்டையும் டெலீட்டையும் சேத்து அமுக்குங்க. ஸ்கேன் பண்ணது வேற ஃபோல்டர்ல இருக்கும், கடைக்கார அண்ணன்கிட்டயே எங்கன்னு கேட்டு அழிச்சுடுங்க, கேக்கக் கூச்சப்படாதீங்க.

வாட்ஸ்அப் வெப் போட்டிருந்தா உங்க போன்ல வாட்ஸ்அப் திறந்து லிங்க்ட் டிவைசஸ் போய் லாக் அவுட் குடுத்துட்டு கெளம்புங்க.