பிளஸ் டூ பிரிவு விழா மலருக்கு வகுப்புத் தோழர்களைப் பற்றி எழுதுவது எப்படி?

தமிழ்நாட்டின் மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பலவற்றில், பிளஸ் டூ மாணவர்களுக்குப் பிரிவு உபசார விழா நடக்கும்போது சிறிய மலர் ஒன்றும் அச்சாகிறது. அதில் பாஸ்போர்ட் அளவுப் படத்துக்குக் கீழே 'பழகுவதற்கு இனியவர், நட்புக்கு இலக்கணமானவர், வாழ்வில் மேன்மேலும் உயர வாழ்த்துகள்' என்று அச்சிட்டிருப்பார்கள். படங்களை இடம் மாற்றி ஒட்டினாலும் எழுத்தில் எந்தப் பிழையும் தெரியாது. இந்த வழிகாட்டி அதற்கு நேர்மாறான ஒன்றைப் பற்றியது. குறிப்பிட்ட ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் பொருந்தாததாகவும், படித்தவுடன் வகுப்பு முழுவதும் சிரிக்கக்கூடியதாகவும், சம்பந்தப்பட்டவரே வீட்டுக்கு எடுத்துச்சென்று அம்மாவிடம் படித்துக் காட்டக்கூடியதாகவும் ஓர் எழுபது எண்பது சொற்களை எழுதுவதுதான் நோக்கம்.

வேலையைக் காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு அக்டோபரில் தொடங்கிவிட வேண்டும். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வும், ஜனவரியில் திருப்புதல் தேர்வுகளும், பிப்ரவரியில் செய்முறைத் தேர்வும் வரிசைகட்டி நிற்கும். மார்ச் மாதப் பொதுத்தேர்வை நினைத்துப் பொங்கலுக்குப் பிறகு யாருக்கும் சிரிக்கும் மனநிலை இருக்காது. எழுதுவதைப் பொங்கலுக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

எழுதுவதற்கு முன்பு செய்திகளைத் திரட்ட வேண்டும். 'அவர் எப்படிப்பட்டவர்?' என்று கேட்டால் 'ஜாலியானவர்' என்ற பதில்தான் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு வரிகூட எழுத முடியாது. அவர் ஒரு நாள் வராவிட்டால் வகுப்பில் எது நடக்காமல் போகும், மதிய உணவு இடைவேளையில் அவருடைய டப்பா யார் யார் கை மாறும், சார் கேள்வி கேட்கும்போது அவர் எங்கே பார்ப்பார், ரெக்கார்டு நோட்டை எந்த நாளில் முடிப்பார் என்று செயலைக் குறித்துக் கேளுங்கள். நண்பர்களோடு நிறுத்திக்கொள்ளாமல், காலையில் முதல் நிறுத்தத்திலிருந்து அவரைப் பார்த்து வரும் வேன் ஓட்டுநர் அண்ணனையும், ஆய்வக உதவியாளரையும், மாடிப்படி கூட்டும் ஆயாம்மாவையும் கேளுங்கள். ஆசிரியர் வகுப்பில் பார்க்கும் மாணவர் வேறு, வேனில் ஜன்னலோர இருக்கைக்காகச் சண்டையிடும் மாணவர் வேறு.

சிரிப்பு எங்கிருந்து வர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதுதான் இந்த வேலையின் மையம். எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் நகை பிறக்கும் இடங்கள் என்று தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் வகுக்கிறது. மலரில் எழுத வருபவர்கள் பெரும்பாலும் முதலாவதைத்தான் எடுக்கிறார்கள், ஏனெனில் அதுதான் எளிது. நமக்கு வேண்டியவையோ மற்ற மூன்றும். பதினேழு வயதுக்கே உரிய வீறாப்பு, தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளும் அப்பாவித்தனம், மூன்றாம் வகுப்பில் மிஸ் சொல்லிக்கொடுத்த பழக்கத்தைப் பன்னிரண்டாம் வகுப்பிலும் விடாத பிடிவாதம் ஆகியவற்றைப் பார்த்துச் சிரிக்கும்போது யாருக்கும் வலிப்பதில்லை. ஒரு மாதிரியைப் பாருங்கள்.

"இயற்பியல் ஆய்வகத்தில் 'ஸ்பெக்ட்ரோமீட்டரில் பிம்பம் தெரிகிறதா?' என்று சார் கேட்ட போதெல்லாம், 'நல்லாத் தெரியுது சார்' என்று முதல் குரல் கொடுத்தவர் இவர். சோடியம் விளக்கையே இன்னும் போடவில்லை என்பதை ஒருமுறை சார்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஆனாலும் தனக்குப் பின்னால் வரிசையில் நிற்பவருக்கு உண்மையிலேயே தெரியும்வரை திருகாணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் தன் இடத்துக்குப் போவார்."

இந்தப் பத்தியில் 'உதவும் மனப்பான்மை கொண்டவர்' என்ற சொற்கள் இல்லை. கடைசி வாக்கியத்தில் உள்ள செயலே அதைச் சொல்லிவிடுகிறது. முதலில் சிரிக்க வைத்துவிட்டு, அதே நிகழ்ச்சிக்குள்ளிருந்தே அன்பைக் காட்ட வேண்டும். கேலி செய்து முடித்துவிட்டு 'இருந்தாலும் தங்கமான மனசு' என்று தனியாக ஒட்டுப்போட்டால், கேலிக்குப் பிராயச்சித்தம் செய்ததாகவே படும்.

தொடக்கூடாதவற்றைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்லிவிடுகிறேன். உடல் பருமன், நிறம், உயரம், திக்குவாய், சாதி, மதம், பெற்றோரின் தொழில் ஆகியவை எவ்வளவு நெருங்கிய நட்பானாலும் மலருக்குள் வரக்கூடாது. வகுப்பில் எல்லாரும் அழைக்கும் பட்டப்பெயர் இவற்றில் ஒன்றிலிருந்து பிறந்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். தனியார் பள்ளிக்கே உரியவை இன்னும் சில உண்டு. கட்டணம் கட்டத் தாமதமானதால் யார் வகுப்புக்கு வெளியே நின்றார், 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் யார் சேர்ந்தார் என்பவற்றை மறைமுகமாகக்கூடச் சுட்டக்கூடாது. தமிழில் பேசினால் அபராதம் போடும் பள்ளிகளில் ஒருவருடைய ஆங்கிலத் தடுமாற்றம் சிரிப்புக்கு எளிதாகக் கிடைக்கும். ஆனால் அது அவர் ஆண்டுக்கணக்கில் பயந்துகொண்டிருந்த விஷயமாக இருக்கலாம். ஒரு மாணவனின் பெயரையும் ஒரு மாணவியின் பெயரையும் இணைத்துச் சாடையாக எழுதுவதை விளையாட்டு என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். வகுப்பில் அது அரை நிமிடச் சிரிப்பு; வீட்டில் அந்தப் பெண்ணின் கல்லூரிப் படிப்பையே அது நிறுத்திவிடக்கூடும்.

நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் கருவிகளைப் பயன்படுத்திக்கொள்ளலாம். தமிழ் வகுப்பில் இரண்டு மதிப்பெண்ணுக்காகப் படித்த வஞ்சப்புகழ்ச்சி அணி இங்கேதான் உண்மையில் உதவும். தினமும் தாமதமாக வருபவரைத் திட்டாமல், 'பிரேயர் முடியும்வரை கேட்டுக்கு வெளியே நின்று பள்ளியைக் காவல் காத்தவர்' என்று புகழ்ந்தால் போதும். இன்னும் துணிச்சலுள்ளவர்கள் மெய்க்கீர்த்தி பாணியை முயலலாம். கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னனின் வெற்றிகளை வரிசையாகச் சொல்லிப் பின் ஆட்சியாண்டைக் குறிக்கும் வழக்கம் முதலாம் இராசராசன் காலத்தில் நிலைபெற்றது; அவனுடைய 'காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி' என்னும் தொடரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. அந்த மிடுக்கான நடை அற்ப விஷயங்களைச் சுமக்கும்போது சிரிப்பு தானாக வரும்.

"ஸ்வஸ்திஸ்ரீ. காலை எட்டு மணி ஸ்லிப் டெஸ்டுக்கு அஞ்சாது துயின்று, வேதியியல் ஆய்வகத்துப் பிப்பெட்டும் பியூரெட்டும் கலமறுத்தருளி, கேன்டீன் சமோசாவின் கடைசி இரண்டையும் தண்டாற் கொண்டு, பறந்து வந்த சாக்பீஸ்களுக்கு ஒருநாளும் புறமுதுகிடாது, திங்கட்கிழமைதோறும் பாலிஷ் காணாத ஷூவுடன் பீ.டி. சார் முன் எழுந்தருளிய கடைசிப் பெஞ்ச் கொண்டானுக்கு யாண்டு பன்னிரண்டாவது."

இதே பாணியை ஒரு மலரில் ஒருவருக்கு மட்டும் பயன்படுத்துங்கள். இரண்டாவது மெய்க்கீர்த்தியில் சிரிப்பு பாதியாகிவிடும்.

குறும்புக்காரரைப் பற்றி யாரும் எழுதிவிடலாம். சிரமம் தருபவர்கள் மூன்று வகையினர். முதல் மதிப்பெண் வாங்குபவரைப் பற்றி எல்லாரும் மதிப்பெண்ணையே எழுதுவார்கள். அது ஏற்கெனவே தகவல் பலகையில் இருக்கிறது. 600-க்கு எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, தேர்வறையிலிருந்து வெளியே வந்ததும் 'போச்சு, ஒரு மார்க் போச்சு' என்று அவர் புலம்புவதைக் கேட்டு, முப்பது மார்க் போனவர்கள் சுற்றி நின்று ஆறுதல் சொன்ன காட்சியை எழுதுங்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தவரைப் பற்றி எழுதுகையில், எல்கேஜியிலிருந்து கூடப் படித்தவர்களின் பழங்கதைகளை அளவுகோலாக வைக்காதீர்கள். அவர் வந்த முதல் வாரத்தில் எந்த பெஞ்சில் இடம் பிடித்தார் என்பதிலிருந்து தொடங்குவது சரியாக வரும்.

மூன்றாமவர் பேசாதவர். நாற்பது பேர் உள்ள வகுப்பில் இப்படி நான்கைந்து பேராவது இருப்பார்கள். மலரின் தரத்தை நான் இவர்களுக்கான பக்கத்தை வைத்துத்தான் மதிப்பிடுவேன். 'அமைதியானவர்' என்று எழுதுவது, அவரை நாங்கள் கவனிக்கவே இல்லை என்று அச்சிட்டுக் கொடுப்பதாகும். அவர் வராவிட்டால் எது நடக்காது என்ற முன்சொன்ன கேள்வி இங்கே கைகொடுக்கும்.

"இவர் பேசிக் கேட்டவர்கள் குறைவு, இவரிடம் பேனா வாங்காதவர்கள் அதைவிடக் குறைவு. ஒவ்வொரு தேர்வுக்கும் இரண்டு நீலப் பேனா, ஒரு கறுப்புப் பேனா, சீவிய பென்சில் ஒன்று எனக் கூடுதலாகக் கொண்டுவரும் இவர், தேர்வு முடிந்து மூடி மட்டும் திரும்பி வந்தாலும் ஒன்றும் கேட்டதில்லை. பொதுத்தேர்வில் எங்கள் அறையிலேயே இவருடைய எண்ணும் வர வேண்டும் என்று வகுப்பில் பாதிப் பேர் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருக்கிறார்கள்."

எழுதுபவர் 'அவன், அவள்' என்று எழுதுவதா 'அவர்' என்று எழுதுவதா என்பதை முதலிலேயே முடிவுசெய்து, மலர் முழுவதும் ஒரே முறையைப் பின்பற்றுங்கள். எனக்கு 'அவர்' பிடிக்கும். கூடப் படிப்பவரைப் பெரிய மனிதரைப் போல மரியாதையுடன் குறிப்பிடுவதிலேயே ஒரு குறும்பு இருக்கிறது. எல்லாருக்கும் ஏறத்தாழ ஒரே நீளம் கொடுக்க வேண்டும். ஒருவருக்கு அரைப் பக்கமும் இன்னொருவருக்கு மூன்று வரியும் அமைந்தால், மூன்று வரிக்காரரின் பெற்றோர் அதைக் கட்டாயம் எண்ணிப் பார்ப்பார்கள்.

முடித்த வரைவை, எழுதப்பட்டவரின் நெருங்கிய தோழர் ஒருவரிடமும் வகுப்பு ஆசிரியரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் உரியவரிடமே காட்டிவிட்டால் வியப்பு போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் ஏதேனும் ஒரு வரியைப் பற்றி யாராவது ஒருவர் தயங்கினாலும், அந்த வரியை மட்டும் உரியவரிடம் நேரில் கேட்டுவிடுங்கள். அவர் சிரித்துக்கொண்டே 'போட்டுக்கோ' என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால், அந்த வரியை எடுத்துவிட வேண்டும்.

அச்சுக்கு வருவோம். ஏ5 அளவில் நடுவில் பின் அடிக்கும் புத்தகமானால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக அமைய வேண்டும். பக்கத்துக்கு இருவர் என்று நாற்பது பேருக்கு 20 பக்கம் போக, முதல்வரின் வாழ்த்துக்கும் குழுப் படத்துக்கும் சேர்த்து 24 என்று திட்டமிடலாம். யூனிகோடில் தட்டச்சு செய்ததை அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் கொம்புகளும் 'ஸ்ரீ'யும் சிதறிப்போகும், ஆகவே மாற்றிய பிறகு இன்னொரு முறை மெய்ப்புப் பாருங்கள். பெயர்களையும் முன்னெழுத்துகளையும் பள்ளிப் பதிவேட்டுடன் ஒப்பிடுங்கள். நண்பர்கள் கையெழுத்திடுவதற்காகக் கடைசியில் விடும் பக்கங்களை மட்டும் வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அச்சிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; அதில் மை உலராமல் அடுத்த பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். பளபளப்புப் பூச்சு இல்லாத மேப்லித்தோ தாளே போதும், விலையும் குறைவு.