புதிதாகக் கட்டிய இன்ஜின் தட்டுகிறதா? சம்ப்பைக் கழற்றுவதற்கு முன்

முதன்முதலாக ஒரு நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினைப் பிரித்துக் கட்டி ஸ்டார்ட் செய்தபோது, கீழேயிருந்து ‘டொக் டொக்’ என்று ஒரு சத்தம். பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராடு கிராங்க் ஷாஃப்டைப் பிடிக்கும் இடத்திலுள்ள பேரிங்) போய்விட்டது என்று நானே தீர்ப்பு எழுதி, அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, எட்டு ஷெல்லையும், அதாவது அந்த பேரிங்குகளின் அரைவட்டத் தகடுகளையும், வெளியே எடுத்துப் பார்த்தேன். எல்லாம் பளிச்சென்று இருந்தன. தட்டியது கிராங்க் புல்லி, அதாவது கிராங்க் ஷாஃப்டின் முனையில் பெல்ட் ஓடும் சக்கரம். அதன் போல்ட்டை முழுதாக இறுக்க மறந்திருந்தேன். இரண்டு நாள் வேலை வீண். அன்றிலிருந்து சத்தத்தை வெளியிலிருந்து உள்ளே தேடிக்கொண்டு போவதுதான் என் வழக்கம்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. கனத்த தட்டலோடு ஆயில் விளக்கும் எரிந்தால் அப்போதே அணைத்துவிடுங்கள். ‘இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கிறேன்’ என்று ஓடவிட்டால் ஜர்னலையும் (கிராங்க்கில் பேரிங் உட்காரும் வழவழப்பான பாகம்) சேர்த்துத் தின்றுவிடும்.

மற்றபடி முதல் வேலை, பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் மட்டும் ஓட்டிப் பார்ப்பது. பெல்ட் இல்லாவிட்டால் பெரும்பாலான வண்டிகளில் வாட்டர் பம்ப்பும் சுற்றாது, அதனால்தான் ஒரு நிமிடம். சத்தம் நின்றுவிட்டால் ஆல்டர்னேட்டர், ஐட்லர், வாட்டர் பம்ப் இவற்றில் ஒன்று. கையால் சுற்றினாலே கரகரப்பு தெரியும். கியர்பாக்ஸ் பக்கமும் பாருங்கள். ஃப்ளைவீல் போல்ட் தளர்ந்திருந்தால் அது பிக் எண்ட் தட்டலைப் போலவே நடிக்கும். கிளட்ச் மிதியை அழுத்தும்போது சத்தம் மாறினால் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்காக இருக்கலாம், அல்லது கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷராக இருக்கலாம். த்ரஸ்ட் வாஷரை நான் கட்டும்போது ஒருமுறை தலைகீழாகப் போட்டதும் உண்டு. எண்ணெய்க் காடி உள்ள முகம் கிராங்க்கைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் தாளம். கேம் ஷாஃப்ட் கிராங்க்கின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆகவே மேலேயிருந்து நிதானமாக வரும் ‘டிக் டிக்’ பெரும்பாலும் டேப்பட், அதாவது கேம் தள்ள வால்வைத் திறக்கும் பாகம். ஒவ்வொரு சுற்றுக்கும் விழும் கனமான தட்டு கீழ்ப்பக்கத்துச் சங்கதி. பிஸ்டன் ஆட்டம் (சிலிண்டருக்குள் பிஸ்டன் பக்கவாட்டில் ஆடித் தட்டுவது) பவர் ஸ்ட்ரோக்கில்தான் அதிகம் கேட்கும் என்பதால், கீழே இருந்துகொண்டே பாதி வேகத்தில் தட்டி ஏமாற்றும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட் கசிந்தாலும் டேப்பட் போலவே டிக்கும். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை மேனிஃபோல்ட் ஓரமாக நகர்த்தினால் புஸ் புஸ் என்று காட்டிக் கொடுத்துவிடும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்துக் கேட்பதும் நல்ல வழிதான், ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் எட்ட நின்றால்.

எனக்கு மிகவும் நம்பிக்கையான சோதனை, ஒவ்வொரு சிலிண்டராக வேலையை நிறுத்திப் பார்ப்பது. பெட்ரோல் இன்ஜினில் இன்ஜெக்டர் சாக்கெட்டைப் பிடுங்கினால் போதும். ஸ்பார்க்கை மட்டும் நிறுத்தினால் எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைக் கெடுக்கும். காமன் ரெயில் டீசலில் பைப்பைத் தளர்த்திப் பார்க்கும் பழைய வித்தை கூடவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் தட்டல் சட்டென்று அடங்கினால் அந்த சிலிண்டரின் பிக் எண்ட் மேல் சந்தேகம். பிஸ்டன் ஆட்டமும் இப்படி அடங்கும். ஆனால் அது குளிர்ந்த இன்ஜினில் உரக்கக் கேட்டு, சூடாக ஆகக் குறையும். பிக் எண்ட் அதற்கு நேர்மாறு. எண்ணெய் சூடாகி நீர்க்க நீர்க்க வெளிப்படும், நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் போய் ஆக்ஸிலேட்டரை விடும் நொடியில் லொடலொடக்கும். பிஸ்டனை ராடோடு இணைக்கும் கட்ஜன் பின் ஐட்லிங்கில் இரட்டைத் தட்டாக வரும். கிராங்க்கை இன்ஜின் பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங் என்றால் ஒரு சிலிண்டரை நிறுத்துவதால் பெரிய மாற்றம் இராது. பாரம் ஏறும்போது அடிவயிற்றிலிருந்து வருவதுபோல ‘தும் தும்’ என்று இருக்கும், ஆயில் பிரஷரும் கூடவே இறங்கியிருக்கும்.

பிரஷரைப் பார்க்க டேஷ்போர்டு விளக்கை நம்பாதீர்கள். பிரஷர் அநேகமாக ஒன்றுமில்லாமல் போன பிறகுதான் அது எரியும். சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் பொருத்துங்கள். சூடான எண்ணெயில் 1000 சுற்றுக்குப் பத்து பி.எஸ்.ஐ. என்பது பழைய கணக்கு. உங்கள் இன்ஜின் மேனுவல் வேறு சொன்னால் மேனுவல்தான் சரி.

கூடவே ஆயில் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். ரம்பம் வேண்டாம், அதன் தூளே உள்ளே விழுந்து குழப்பும். தகரம் வெட்டும் கத்தரி போதும். காகித மடிப்பைப் பிழிந்து வெயிலில் விரித்தால் தெரியும். புது ரிங்குகள் பழகும்போது நுண்ணிய சாம்பல் பசை கொஞ்சம் வரும், அது பரவாயில்லை. காந்தத்தில் ஒட்டாத மினுமினுப்பான செதில்கள் வந்தால் பேரிங் உலோகம். செம்பு நிறம் தெரிந்தால் மேல்பூச்சு தேய்ந்து அடிப்படலம் வரை போயாயிற்று.

இவ்வளவும் ஒரே பக்கம் கை காட்டினால் மட்டும் சம்ப்பைக் கழற்றுகிறேன். இரண்டாவதாகக் கட்டிய இன்ஜினில் அப்படித்தான் மூன்றாவது சிலிண்டர் மாட்டியது. கிராங்க்கை 0.25 மி.மீ. குறைத்து அரைத்திருந்தோம். வாங்கிய ஷெல் பெட்டியிலும் 0.25 என்றே அச்சிட்டிருந்தது. உள்ளே ஒரு ஜோடி மட்டும் அரைக்காத கிராங்க்குக்கான ஸ்டாண்டர்ட் சைஸ்! ஷெல்லின் முதுகில் அளவு பொறித்திருப்பார்கள், நான் பார்க்கவில்லை. பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தைக் கொண்டு இடைவெளியை அளக்கும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்திருந்தால் நொடியில் பிடிபட்டிருக்கும். ஆனால் கையிருப்பு இரண்டு ஜர்னலோடு தீர்ந்துவிட்டது, மீதியும் அப்படித்தான் இருக்கும் என்று மூடிவிட்டேன்.

பிளாஸ்டிகேஜ் வைக்கும்போது ஜர்னலில் எண்ணெய் இருக்கக்கூடாது, கேப்பை (ராடின் அடிமூடி) மேனுவல் சொன்ன டார்க்குக்கு இறுக்கிய பிறகு கிராங்க் அசையக்கூடாது. 50 மி.மீ. ஜர்னலுக்கு 0.05 மி.மீ. இடைவெளி சுமாரான அளவு. கேப்பின் எண்ணும் ராடின் எண்ணும் பொருந்துகின்றனவா, ஷெல்லின் துளை எண்ணெய்த் துளைக்கு நேராக இருக்கிறதா, ஷெல்லுக்குப் பின்னால் தூசு இல்லையா என்றும் பாருங்கள். தேய்மானம் ஓர் ஓரத்தில் மட்டும் இருந்தால் ராடு வளைந்திருக்கலாம், இல்லையென்றால் ஜர்னல் கூம்பாக அரைபட்டிருக்கும். ராடு பக்கத்து மேல் பாதி ஷெல் மட்டும் அடிபட்டிருந்தால் பேரிங்கைக் குறை சொல்லாமல் இக்னிஷன் டைமிங்கைப் பாருங்கள்.

ஜர்னலில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் இருந்தால் புது ஷெல் போட்டு ஏமாற்ற முடியாது, மறுபடி அரைக்கத்தான் வேண்டும். என்னுடையதில் கீறல் இல்லை. சரியான ஷெல், புது ராடு போல்ட் போட்டு, எண்ணெய்த் துளைகளைக் கழுவி மூடினேன். பிளக்குகளைக் கழற்றி, இன்ஜெக்டர் சாக்கெட்டுகளையும் பிடுங்கிவிட்டு, கேஜ் முள் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் விட்டு விட்டுச் சுற்றிய பிறகே ஸ்டார்ட் செய்தேன். காலையில் முதல் அரை நிமிடம் மட்டும் இன்னும் ஒரு டேப்பட் டிக்குகிறது. அதை அப்படியே விட்டிருக்கிறேன்.