வளைகுடா தெரிந்தால் அரபு உலகம் தெரிந்ததாகாது

குமரி மாவட்டத்தின் குளச்சல், தூத்தூர், வள்ளவிளை பக்கம் வளைகுடாவுக்குப் போய்வந்த ஆள் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனாலேயே சர்வதேச உறவுகள் படிக்க வரும் நம் மாவட்டப் பிள்ளைகள், "அரபு நாடு எங்களுக்குத் தெரியாததா" என்ற நினைப்போடு தொடங்கிவிடுகிறார்கள். முதல் சறுக்கல் அதுதான். அரபு நாடுகளின் கூட்டமைப்பான அரபு லீக்கில் உறுப்பு நாடுகள் 22. வளைகுடா கூட்டுறவு மன்றத்தில் ஆறுதான். எகிப்து, அல்ஜீரியா, சூடான் எல்லாம் அந்த ஆறுக்கு வெளியே. 2020-ல் கொரோனா நேரத்தில் நம் மீனவர்கள் சிக்கித் தவித்த ஈரான் அரபு நாடே இல்லை. அங்கே அரசு மொழி பாரசீகம்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது மொழியைத் தள்ளிப்போடுவதுதான். "பி.எச்டி. சேர்ந்தபிறகு அரபி படிச்சுக்கலாம்" என்பார்கள். அப்போது நேரம் இருக்காது. ஒரு சொல்லையே பாருங்கள். 'இப்போது' என்பதற்கு எழுத்து அரபியில் 'அல்-ஆன்', கெய்ரோவில் 'தில்வக்தி', பெய்ரூத்தில் 'ஹல்லா', வளைகுடாவில் 'அல்ஹீன்'. 'இப்போது' என்று எழுதிவிட்டு 'இப்பம்' என்று பேசும் நமக்கு இந்த இரட்டை வழக்கு புதிதில்லை. ஆனாலும் இரண்டு மூன்று வருடம் தினமும் உட்கார வேண்டும். பக்கத்திலேயே, திருவனந்தபுரத்தில், கேரளப் பல்கலைக்கழகத்தில் அரபித் துறை இருக்கிறது. மொழி கைவசம் இல்லாவிட்டால், ஆங்கிலத்தில் வந்ததை மட்டும் வைத்தே ஆய்வை ஓட்ட வேண்டியிருக்கும்.

அப்புறம், எதற்கெடுத்தாலும் இஸ்லாமின் இரு பிரிவுகளான சன்னி–ஷியா பகை என்று எழுதிவிடுவது. 2017-ல் கத்தாருடன் உறவை முறித்த சவுதி, அமீரகம், எகிப்து எல்லாமே சன்னிப் பெரும்பான்மை நாடுகள்; கத்தாரும் அப்படியே. 1980 முதல் 1988 வரை நடந்த போரில் ஈரானை எதிர்த்து நின்ற ஈராக் படையில் ஷியா வீரர்கள் ஏராளம். ஆட்சி, எண்ணெய், எல்லை, பழைய கணக்கு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

'மத்திய கிழக்கு அரசியல்' என்று தலைப்பு வைத்தால் வாழ்நாள் போதாது. ஒரு நாடு, ஒரு காலம், ஒரு கேள்வி போதும். அதே பகுதிக்கு நம் பல்கலைக்கழகங்களில் 'மேற்கு ஆசியா' என்ற பெயர்தான் வழக்கம். தில்லி ஜே.என்.யூ.விலும் மேற்கு ஆசிய ஆய்வு மையம் என்றே இருக்கிறது. விண்ணப்பிக்கும்போது அந்தப் பெயரில் தேடுங்கள். நெறியாளருக்கு அரபி வாசிக்கத் தெரியுமா என்பதையும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

இன்னொன்று, வீட்டு வாசலில் இருக்கும் சான்றைக் கண்டுகொள்ளாமல் விடுவது. வளைகுடாவில் விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளியான 'கஃபீலை' நம் ஆட்கள் 'அர்பாப்' என்பார்கள். விசாவும் வேலையும் அந்த ஒருவர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை அனுபவித்தவர்கள் அவர்கள். ஆனால் முதல் நாளே படிவமும் ரெக்கார்டருமாகப் போய் நிற்காதீர்கள். "அண்ணே, நீங்க மீன்பிடிக்கப் போன போட்டு யாருக்கது?" என்று பேச்சை ஆரம்பியுங்கள். விசாவுக்காக வாங்கிய கடனையும் கட்டிய வட்டியையும் வீட்டிலுள்ள அக்கா ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கலாம். அதைக் காட்டச் சொல்லும் முன்பே, பெயர் எங்கும் வராது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.