வைரஸ் தெரியவில்லை என்றால் போய்விட்டதா?

எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து எடுப்பவர் கையில் வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) ரிப்போர்ட். ‘டார்கெட் நாட் டிடெக்டட்’, அதாவது வைரஸ் தென்படவில்லை என்று போட்டிருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். ஆனால் பல தவறுகள் அந்தக் காகிதத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

அந்தப் பரிசோதனை ரத்தத்தில் மிதக்கும் வைரஸை மட்டுமே எண்ணும். எச்.ஐ.வி.யோ சிடி4 என்ற நோய் எதிர்ப்பு செல்லுக்குள் புகுந்து, அதன் டி.என்.ஏ.வோடு தன் மரபணுவைச் சேர்த்துத் தைத்துவிடுகிறது. இப்படிச் சிக்கிய செல்களில் சில, பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் செல்கள். வருஷக்கணக்கில் தூங்கிக் கிடக்கும். வைரஸ் பெருகப் பார்த்தால்தான் மருந்து அதை மறிக்க முடியும். தூங்கும் செல்லில் மருந்துக்கு வேலையே இல்லை. நிணநீர் முடிச்சும் குடல் சுவரும் இவற்றின் முக்கியக் குடியிருப்பு. மூளையின் நோய் எதிர்ப்பு செல்களான மைக்ரோக்ளியாவிலும் வைரஸ் தங்குகிறது. வைரஸோடு தூங்கும் சிடி4 செல்களின் இருப்பு பாதியாகவே சுமார் 44 மாதம் ஆகிறது. மருந்தை நம்பி முழுதாகக் கரையட்டும் என்று காத்திருந்தால் ஓர் ஆயுள் போதாது.

அதனால் ‘ஒன்றுமில்லையே, கொஞ்ச நாள் நிறுத்திப் பார்ப்போம்’ என்பதுதான் பெரிய தவறு. அமெரிக்காவின் மிசிசிப்பியில் 2010இல் பிறந்த ஒரு குழந்தைக்குச் சுமார் 30 மணி நேரத்திலேயே மருந்து தொடங்கினார்கள். ஒன்றரை வயதுவாக்கில் மருந்து நின்றுபோனது. அப்புறம் 27 மாதம் வைரஸ் தென்படவில்லை. குணமாகிவிட்டது என்றே உலகம் பேசியது. 2014 ஜூலையில் ஒரு மில்லி ரத்தத்தில் 16,750 வைரஸ் பிரதிகள்! அத்தனை மாதமும் எங்கோ ஒரு சில செல்களில் பதுங்கியிருந்திருக்கிறது. பெரியவர்களுக்கு இவ்வளவு அவகாசம்கூடக் கிடைப்பதில்லை. பெரும்பாலும் சில வாரங்களிலேயே திரும்பிவிடும், உடம்பில் எந்த அறிகுறியும் காட்டாமலே.

சரி, ஒளிந்திருப்பதை விரட்டக் கூடுதல் மாத்திரை போட்டால்? மருந்தைக் கூட்டிப் பார்த்த ஆய்வுகளில் இருப்பு குறையவில்லை. ‘கழிவு நீக்கும்’ சூரணங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: உள்ளே இருக்கிறதே, துணைக்கு ஒட்டிக்கொள்ளுமே என்று ஒதுங்கி வாழ்வது. மருந்தை விடாமல் எடுத்து, வைரல் லோடு ஒரு மில்லி ரத்தத்தில் 200 பிரதிகளுக்குக் கீழே நிலைத்திருந்தால் உடலுறவு வழியாகப் பரவாது. தாய்ப்பாலுக்கும் ஊசியைப் பகிர்வதற்கும் இந்த உத்தரவாதம் கிடையாது.

இன்னும் சிலர் வேறு லேபில் போய் சாதாரண எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்து, ‘பாசிட்டிவ்’ என்று வந்ததும் இடிந்துபோகிறார்கள். அந்த டெஸ்ட் தேடுவது உடம்பு உருவாக்கிய எதிர்ப்பொருளை. வைரஸ் அடங்கிக் கிடந்தாலும் அந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்துகொண்டேதான் இருக்கும்.